ஒரு கிட்னி, இரண்டு வீடு

அத்தியாயம் பதினான்கு

பௌர்ணமியன்று காலை ஆறே முக்காலுக்கு அஸ்வினி தன் செல்போனை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டாள். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அவள் அன்றைக்குச் செய்திருக்க முடியாது. பாவம், அப்போது அவளுக்கு அது தெரியாது.

போன வாரம் இந்தக் குடும்பத்தைச் சண்டையின் நடுவில் விட்டுவிட்டு வந்தோம். இன்றைக்குத்தான் புத்தகத்தைப் புரட்டுகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

ஆனையூர் அழகுபாண்டிக்கு வயது முப்பத்தாறு. வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன். இரண்டு கிட்னியும் கைவிட்டு மூன்று வருஷமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டில் யாருடைய கிட்னியும் அவனுக்குப் பொருந்தவில்லை. மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவருடைய கிட்னி கிடைக்கட்டும் என்று பெயரைப் பதிந்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்களோ என்று வீடே காத்துக் கிடக்கிறது.

அந்தக் காத்திருப்பு தாங்காமல்தான் அவன் மனைவி அஸ்வினி ஒரு வருஷமாகப் பௌத்தக் கூட்டத்துக்குப் போய்வருகிறாள். அவன் அம்மா இருளாயிக்கு அது பிடிக்கவே இல்லை. வியாழக்கிழமை அழகுபாண்டி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "எம்பேர அழிச்சிட்டு வந்துரு, இனி நான் காத்துக்கெடக்க மாட்டேன்" என்று கத்தினான். "இவ கண்ட சாமியக் கும்பிடப் போயித்தேன் நம்ம குலசாமி கண்ண மூடிக்கிருச்சு" என்று இருளாயி மொத்தப் பழியையும் மருமகள் தலையில் தூக்கி வைத்தார். அஸ்வினியோ ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். பிடிவாதக்காரி.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனையூரிலேயே அடுத்த தெருவில், தல்லாகுளத்து அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருக்கும் தமிழ்வாணியின் வீட்டு மொட்டை மாடி. தகரக் கொட்டகை, கோரைப்பாய், பதினாலு பேர். புத்தம் சரணம், தம்மம் சரணம், சங்கம் சரணம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். மாசி மாசக் கூட்டத்தில் நிசப்தத்தின் நட்ட நடுவில் யாருடைய போனோ குத்துப்பாட்டைப் பாடித் தொலைத்தது. அன்றிலிருந்து தமிழ்வாணி ஒரு சட்டம் போட்டார். எல்லாப் போனும் பிஸ்கட் டப்பாவுக்குள். அதிர்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று துண்டில் சுற்றி, கீழே அடுப்படியில்.

அஸ்வினியின் பக்கத்தில் பாண்டிமீனா உட்கார்ந்திருந்தார். அஸ்வினியை இந்தப் பாயில் கொண்டுவந்து உட்கார வைத்தவரே அவர்தான். அவருடைய வீட்டுக்காரர் கண்ணுச்சாமி தையல்காரர், டி. கல்லுப்பட்டிக்காரர். அவருக்கும் டயாலிசிஸ்தான், அழகுபாண்டிக்குப் பக்கத்துக் கட்டில். ஆஸ்பத்திரிக்கு அலையத் தோதாக இருக்கட்டும் என்று ஊரை விட்டு ஆனையூரில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். உள்ளே புருஷர்களின் ரத்தம் மெஷினில் சுற்றும் நாலு மணி நேரமும் வெளியே பெஞ்சில் இரண்டு பெண்களும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒட்டிய ஒட்டுதல் இது.

நிசப்தம் முடிந்து மைத்ரி ஆரம்பித்தது. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தனக்கு நல்லது நினைக்க வேண்டும். பிறகு பிரியமானவருக்கு. பிறகு முன்பின் தெரியாத ஒருவருக்கு. கடைசியாக, யாரை நினைத்தால் மனசு கசக்கிறதோ அவருக்கு. கடைசி இடத்தில் அஸ்வினி வழக்கம்போல மாமியாரை வைத்தாள். அன்றைக்கு அது ரொம்பவே கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் தெருவில் ஷேர் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்தது. தடதடவென்று படியேறி வந்து நின்றவர் முத்திருளன். கூட்டத்து ஆள்தான், சவாரி இருந்ததால் அன்றைக்கு வரவில்லை.

"பாண்டிமீனாக்கா, எறங்குங்க. ஆஸ்பத்திரியில கூப்புடுறாக. கிட்னி வந்திருச்சு. ஒங்க போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு அண்ணன் நம்பருக்கு அடிச்சிருக்காக. அண்ணன் கீழ ஆட்டோவுல ஒக்காந்திருக்காரு."

பதினாலு பேரும் எழுந்துவிட்டார்கள். பாய் சுருண்டது, யாரோ விளக்கில் இடித்துக்கொண்டார்கள். அஸ்வினி பாண்டிமீனாவைக் கட்டிப் பிடித்து, "அக்கா, அக்கா" என்று குதித்தாள். சந்தோஷம் நிஜம்தான். பொறாமையும் நிஜம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

போனை எடுக்கப் பாண்டிமீனா அடுப்படிக்கு ஓடினார். கொஞ்சம் தாமதமாகத்தான் வெளியே வந்தார். கையில் இரண்டு போன். ஒன்றை அஸ்வினியிடம் நீட்டினார்.

"அஸ்வினி, ஒனக்கும் வந்திருக்கு. அதே நம்பரு. ஒம்போது தடவ."

மூன்று வருஷ ஆஸ்பத்திரி அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு கிட்னி வந்தால் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். முதல் ஆள் ஒருவர், அவருக்குப் பொருந்தாவிட்டால் அடுத்த ஆள் ஒருவர்.

அஸ்வினி அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தாள். ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் பெண் எடுத்ததும் பொரிந்து தள்ளினாள்.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா முதல் ஆள். அரை மணி நேரமா அடிக்கிறோம், எடுக்கல. நீங்க குடுத்த இன்னொரு நம்பர்ல ஒரு அம்மா எங்களை கிட்னி திருடின்னு திட்டிட்டு கட் பண்றாங்க. நாங்க என்ன பண்றது? நேரம் தாண்டுனா அடுத்தவருக்குப் போயிடணும். இப்ப நீங்க ரெண்டாவது. ஆனா வாங்க. ரெண்டு பேர் ரத்தத்தையும் பொருத்திப் பாப்போம். முதல் ஆளுக்குச் சேரலைன்னா உங்களுக்குத்தான்."

அந்த இன்னொரு நம்பர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

* * *

ஆட்டோ அடுத்த தெருவில் அஸ்வினி வீட்டு வாசலில் நின்றபோது, இருளாயி வாசலிலேயே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் ஊருக்கே சமைத்துப் போட்டவர். குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"வாடி. காலையில இருந்து ஒருத்தி மூணு தடவ போனு போட்டுட்டா. கிட்னி தயாரா இருக்காம், ஒடனே கெளம்பி வரணுமாம். என்னமோ கத்திரிக்கா வந்து எறங்குன மாதிரி கூசாமப் பேசுறா. நானும் நாக்கப் புடுங்குற மாதிரி நல்லா நாலு கேள்வி கேட்டு வச்சேன். நீதேன சொன்ன, தெரியாத நம்பர்ல வாரவன் எல்லாம் திருடன்னு."

"அயித்தை, அது நெசமாவே ஆஸ்பத்திரி."

இருளாயிக்கு வாய் அடைத்துப்போனது. இந்த அத்தியாயத்தில் அது ஒரு தடவைதான் நடக்கிறது, ரசித்துக்கொள்ளுங்கள். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"என் வாயில மண்ண அள்ளிப் போட. பெத்த மகன் சோத்துல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேனே." அழுதுகொண்டே ஏதோ ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். "ஏண்டி, எனக்கு அடிக்கிறதுக்கு முந்தி ஒனக்குத்தேன அடிச்சிருப்பாக? நீ எங்க போன?"

"டப்பாவுல இருந்துச்சு."

"எந்த டப்பா?"

"பிஸ்கட் டப்பா."

இருளாயி மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு பேருமே குற்றவாளிகள். யார் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

அழகுபாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். வியாழக்கிழமை பெயரை அழிக்கச் சொன்னவன், இன்றைக்குச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். ஆட்டோவுக்குள் கண்ணுச்சாமியைப் பார்த்ததும் நின்றான்.

"அண்ணே, நீயுமா?"

"நானுந்தேன் மாப்ள. ஏறு, போயிப் பேசிக்கிருவோம்."

முத்திருளன் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதை எழுத எனக்கே மூச்சு வாங்குகிறது. தல்லாகுளத்தில் கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. முத்திருளன் இறங்கிப் போய் பேண்டு மாஸ்டர் காதில் எதையோ சொன்னார். டிரம் நின்றது. மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக முன்னால் வந்து கூட்டத்தை விலக்கி ஆட்டோவுக்கு வழிவிட்டான். அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும்.

எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. ஒன்பது மணிக்கு இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்துவிட்டார்கள். முடிவு தெரிய மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆகும் என்றார்கள். அழகுபாண்டியையும் கண்ணுச்சாமியையும் ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைத்தார்கள். பழகின இடம்தான்.

வெளியே பெஞ்சில் அஸ்வினியும் பாண்டிமீனாவும். அதுவும் பழகின இடம்தான். ஆனால் அன்றைக்கு இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

அஸ்வினி கண்ணை மூடி மைத்ரி சொல்லிப் பார்த்தாள். தனக்கு, சரி. அழகுபாண்டிக்கு, சரி. கடைசி இடத்துக்கு வந்தாள். அங்கே இன்றைக்கு மாமியார் இல்லை. கண்ணுச்சாமி இருந்தார். சட்டைத் துணி மிச்சத்தில் அஸ்வினிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்த மனுஷர். அவர் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிக்க மாட்டீகளே."

"சொல்லு."

"அண்ணனுக்குச் சேரக்கூடாதுன்னு நெனைக்கிறேன். வேற எதுவுமே நெனைக்க வரல. ஒரு வருசம் பாயில ஒக்காந்து என்னத்தக் கிழிச்சேன்னு இருக்கு."

பாண்டிமீனா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"நான் ஒன் போனப் பாத்துட்டு டப்பாவ மூடிட்டேன் அஸ்வினி."

"எப்ப?"

"காலையில. ஒம்போது தடவ வந்திருக்குன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. மூடிட்டு நெலவாசல் வர வந்துட்டேன். நீ மேல எனக்காகக் குதிச்சது கண்ணுக்குள்ள வந்துச்சு. அப்பறந்தேன் திரும்பிப் போயி எடுத்தேன். ஒரு நிமிசம் இருக்கும். அந்த ஒரு நிமிசம் நான் எம்புட்டுக் கேவலமானவன்னு எனக்குத் தெரியும்."

அஸ்வினிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கினாற்போல் இருந்தது.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே லச்சணந்தேன்" என்றாள்.

பாண்டிமீனா சிரித்தார். சிரிப்பு அழுகையானது. நடுவில் விட்டிருந்த இடத்தை யார் முதலில் நகர்ந்து நிரப்பினார்கள் என்று தெரியவில்லை.

பதினோரு மணிக்குத் தமிழ்வாணி வந்தார். பின்னாலேயே கூட்டத்து ஆட்கள் எட்டுப் பேர். ஒருவர் கையில் விட்டுப்போன ஆதார் நகல்கள். ஒருவர் கையில் தயிர்ச்சோறு. ஒருவர் ரத்தம் கொடுக்க வரிசையில் போய் நின்றார். தமிழ்வாணி நேராக இருளாயியிடம் போனார்.

"டப்பா ஏற்பாடு என்னோடதும்மா. திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க."

கேட்டு வாங்கினால் இருளாயி விடுவாரா? பத்து நிமிஷம் விடாமல் திட்டினார். சாமி கும்பிட வந்த இடத்தில் போனைப் பிடுங்குகிற சாமியை இந்த மதுரைச் சீமையிலேயே பார்த்ததில்லை என்றார். தமிழ்வாணி குறுக்கே ஒரு சொல் பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் இருளாயிக்கே அலுத்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"ஆமா, அந்தக் கிட்னி யாருதாம்?"

"சொல்ல மாட்டாங்கம்மா. யாரோ ஒரு பையன், ரோட்டுல விபத்துன்னு மட்டும் பேசிக்கிறாங்க."

இருளாயி பக்கத்தில் இருந்த தயிர்ச்சோற்றைத் தள்ளி வைத்தார்.

"ஒரு வீட்டுல எழவு விழுந்து கெடக்கு. நாம ரெண்டு வீடும் பந்திக்கு முந்துற மாதிரி இங்க வந்து ஒக்காந்திருக்கோம். அவனப் பெத்தவ இந்நேரம் என்ன பாடு படுறாளோ."

அஸ்வினிக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து அந்த வீட்டை அவள் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"ஒங்க மந்திரத்துல எழவு வீட்டுக்கு என்ன சொல்லுவீக?" என்று இருளாயி கேட்டார்.

"அவங்க மனசு ஆறட்டும்னு சொல்லுவோம்."

"அம்புட்டுத்தேனா? அத நானே சொல்லுவேன்." சொல்லிவிட்டுப் பெஞ்சில் காலை மடித்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்குப் பௌர்ணமிக் கூட்டம் மீண்டும் கூடியது. சத்தம் இல்லை, விளக்கு இல்லை. முதலில் அந்தப் பையனைப் பெற்றவளுக்கு, பிறகு அவன் வீட்டுக்கு, பிறகு உள்ளே படுத்திருக்கும் இருவருக்கும். இந்தத் தடவை கண்ணுச்சாமியின் பெயர் அஸ்வினிக்கு முழுசாக வந்தது. பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு உட்கார முடிந்தது. சுற்றிலும் பத்துப் பேர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

* * *

இரண்டு மணி இருபது நிமிஷம். ஒருங்கிணைப்பாளர் பெண் கையில் காகிதத்தோடு வந்தாள்.

"ரெண்டு பேருக்குமே சேருது" என்றாள்.

இரண்டு பேருக்கும் சேர்ந்தால் முதல் ஆளுக்கு. முதல் ஆள் இப்போது கண்ணுச்சாமி.

அஸ்வினிக்குக் காது இரைந்தது. ஒரு பிஸ்கட் டப்பா, ஒரு துண்டு, அரை மணி நேரம். தன் புருஷனுக்கு வந்த கிட்னி பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டது. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. இருளாயி சேலையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

உள்ளே அழகுபாண்டிதான் முதலில் பேசினான். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"போயிட்டு வாண்ணே. மூணு வருசமா ஒண்ணுக்குப் போகாமக் கெடக்கோம். மொதத் தடவ வந்ததும் மொதப் போனு எனக்குத்தேன் போடணும்."

"ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் போடுவேன் மாப்ள" என்றார் கண்ணுச்சாமி. அவனுடைய கையை விடவே இல்லை. நர்ஸ்தான் வந்து பிரித்துவிட்டாள்.

அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருங்கிணைப்பாளர் பெண் பாண்டிமீனாவிடம் படிவத்தை நீட்டினாள். மனைவி கையெழுத்து ஆயிற்று. கீழே சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும்.

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"எல்லாரும் கல்லுப்பட்டியில இருந்து வரணும். பஸ்ஸு ஏறிட்டாக, வர ஒண்ணரை மணி நேரமாகும்."

"அவ்வளவு நேரம் தாங்காதும்மா."

அஸ்வினி பேனாவை வாங்கினாள். இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கிட்னி கண்ணுச்சாமிக்கு என்று அவள் வாயாலேயே சொன்னதாக ஆகிவிடும். ஆகட்டும். அவள் போட்டாள். 'உறவு' என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்னம்மா, என்ன வேணும் அவங்க உங்களுக்கு?"

பின்னாலிருந்து இருளாயியின் குரல் வந்தது. அழுது அழுது கரகரத்திருந்தது.

"மூணு வருசமா ஒண்ணாக் காத்துக்கெடந்தவகன்னு எழுதிக்கம்மா. அதுக்கு மேல என்ன ஒறவு வேணும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு 'தங்கை' என்று எழுதிக்கொண்டு போனாள்.

இருளாயி மகனைத் தேடிப் போனார். பெஞ்சில் அஸ்வினியின் தோளில் சாய்ந்து பாண்டிமீனா ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். நன்றி என்றும் சொன்னார், மன்னிச்சுக்க என்றும் சொன்னார், எதற்கு எது என்று அவருக்கே தெரிந்திருக்காது. அஸ்வினி அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது, ஒருங்கிணைப்பாளர் பெண் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை நடந்து வரவில்லை. ஓடி வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"ஏன்?"

"அந்தப் பையனோட இன்னொரு கிட்னி வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்துச்சு. அங்க இருக்கிறவருக்குக் காய்ச்சலாம், ஆபரேஷன் பண்ண முடியாதாம். நம்மளக் கேக்குறாங்க. உங்களுக்குத்தான் ரத்தம் பொருத்திப் பாத்தாச்சே. உடனே மயக்க ஊசி போடணும். வயிறு காலியா இருக்கணும். இவ்வளவு நேரம் ஒண்ணும் குடுக்காமத்தான வச்சிருந்தோம். இப்ப எதுவும் சாப்பிடலையே?"

அஸ்வினி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டில் காலி. செருப்பும் இல்லை. அறையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பத்தேம்மா அவுக ஆத்தா கீழ கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போச்சு. புள்ள மனசொடிஞ்சு கெடக்கான், ஒரு டீயும் பன்னும் வாங்கித் தாரேன்னு."

அஸ்வினியின் கையில் போன் இருந்தது. இருளாயியின் நம்பரை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அதற்குள் பாண்டிமீனா படியில் இறங்கிவிட்டார். உள்ளே தன் புருஷனுக்கு ஆபரேஷன் ஆரம்பிக்கப் போகிறது என்பதை மறந்து, செருப்பை உதறிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவினார். மூன்று மாடிக்கும் அவர் குரல்தான் கேட்டது.

"தம்பீ, டீயக் கீழ வையி. குடிச்சிராத தம்பி, கீழ வையி!"